டிஸ்னி வேர்ல்டுக்குச் சிறு குழந்தைகளோடு செல்பவர்களுக்கு லைட்னிங் லேன் பாஸ் அவசியமா?

தென்றல் (அட்லாண்டா):

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் ஆர்லாண்டோ சென்று, டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களையும் பூங்காவுக்கு ஒரு நாளாகப் பார்த்து வரலாம் என்றிருக்கிறோம். நானும் கணவரும், எட்டு வயது மகள், நான்கு வயது மகன், மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார் என மொத்தம் ஆறு பேர். நுழைவுச்சீட்டு வாங்கியாயிற்று. தங்குவது டிஸ்னி விடுதியில் அல்ல. மாமியாருக்குச் சமையலறை வேண்டும் என்பதால் வெளியே ஒரு வாடகை வீட்டை எடுத்திருக்கிறோம்.

பொது வரிசையில் நிற்காமல், லைட்னிங் லேன் எனப்படும் விரைவு வழியில் பல ரைடுகளுக்குச் செல்வதற்கான மல்டி பாஸ் பற்றித்தான் முடிவெடுக்க முடியவில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கும் பெரியவர்களுக்கு உள்ள அதே விலைதான் என்பதால், ஆறு பேருக்கும் நான்கு நாட்களுக்கும் வாங்கினால் நுழைவுச்சீட்டுக்கு மேல் இன்னொரு பெருந்தொகை ஆகிவிடும். வாங்காமல் போனால், ஜூன் மாத வெயிலில் மகன் அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். அவன் உயரம் 99 செ.மீ., மகள் 118 செ.மீ. மாமியாருக்கு முழங்கால் வலியும் உண்டு.

எந்தப் பூங்காவுக்கு வாங்குவது, யார் யாருக்கு வாங்குவது, மகனுக்கு உயரம் போதாத ரைடுகளில் மகளை யார் அழைத்துச் செல்வது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. வெயிலில் நிற்கும் மற்றக் குழந்தைகளைத் தாண்டி, பணம் கொடுத்தோம் என்பதற்காக என் பிள்ளைகளை முன்னால் அழைத்துச் செல்வது சரிதானா? இதையும் யாராவது யோசித்திருந்தால் எழுதுங்கள்.

வைகைக்கரையான் (டாம்பா):

வணக்கம் சகோதரி. நாங்கள் பக்கத்திலேயே வசிப்பதால் பிள்ளைகளோடு அடிக்கடி போய் வருகிறோம். எல்லா நாளுக்கும் எல்லோருக்கும் வாங்குவதும் வேண்டாம், அடியோடு தவிர்ப்பதும் வேண்டாம் என்பதே என் கருத்து. பாஸின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் மகனின் உயரத்தை ஒவ்வொரு ரைடின் உயர வரம்போடும் ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். 97 செ.மீ. போதும் என்கிற செவன் டுவார்ஃப்ஸ் மைன் ட்ரெயின், ஸ்லிங்கி டாக் டாஷ், மிலேனியம் ஃபால்கன் ஆகியவற்றில் அவன் ஏறலாம். டவர் ஆஃப் டெரர், ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், டியானாஸ் பாயூ அட்வென்ச்சர், டெஸ்ட் ட்ராக் ஆகியவற்றுக்கு 102 செ.மீ. வேண்டும். மூன்று சென்டிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். ரைடின் வாயிலிலேயே அளவுகோலை வைத்துப் பார்க்கிறார்கள், கெஞ்சினாலும் விடுவதில்லை, விடாமல் இருப்பதுதான் முறையும்கூட. மகளைப் பொறுத்தவரை 122 செ.மீ. கேட்கும் ட்ரான் போன்ற ஓரிரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஏறலாம். இந்த வரம்புகளைப் பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லி வைத்துவிட்டால், அங்கே போய் அழுகை வராது.

நான்கில் மேஜிக் கிங்டமுக்குத்தான் மல்டி பாஸ் மிகவும் பயன்படும், விலையும் அங்கேதான் பெரும்பாலும் அதிகம். சிறு குழந்தைகள் ஏறக்கூடியவை அங்கேதான் நிறைய இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் வரிசை மிக மெதுவாக நகரும். 1971 முதல் ஓடிக்கொண்டிருக்கும் பீட்டர் பான்ஸ் ஃப்ளைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு சிறு கப்பல்களில் ஒரு சில பேராக ஏற்றி அனுப்புவதால், ஒரு மணி நேரத்தில் அது ஏற்றக்கூடிய ஆட்கள் குறைவு. கூட்டமோ நாள் முழுவதும் குறையாது. இதற்கு நேர்மாறாக, ஹான்டட் மேன்ஷனில் இருக்கைகள் நிற்காமல் வந்துகொண்டே இருப்பதால் வரிசை நீளமாகத் தெரிந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே வரிசை எவ்வளவு நீளம் என்பதைவிட, அந்த ரைடு எவ்வளவு வேகமாக ஆட்களை ஏற்றுகிறது என்பதைப் பார்த்துத்தான் பாஸில் எதை வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

அனிமல் கிங்டமுக்கு வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். கிளிமஞ்சாரோ சஃபாரிஸுக்குக் காலையில் பூங்கா திறந்தவுடன் போய்விட்டால் வரிசையும் குறைவாக இருக்கும், வெயில் ஏறுவதற்கு முன் விலங்குகளும் நடமாட்டத்தோடு இருக்கும். லயன் கிங் நிகழ்ச்சி பெரிய அரங்கில் நடப்பதால் சற்று முன்னதாகப் போனாலே இடம் கிடைத்துவிடும். ஃப்ளைட் ஆஃப் பேசேஜ் மல்டி பாஸில் சேராது. அதற்குத் தனியாக சிங்கிள் பாஸ் வாங்க வேண்டும், உயர வரம்பும் 112 செ.மீ. என்பதால் மகளோடு ஒரு பெரியவர் மட்டும் போகலாம்.

ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கு, ஸ்லிங்கி டாக் டாஷ் கிடைக்குமானால் வாங்குங்கள். எப்காட்டைப் பொறுத்தவரை எனக்கும் இரண்டு மனம்தான். பிள்ளைகளுக்கு வேண்டியவை ஃப்ரோஸன் எவர் ஆஃப்டரும் ரெமியும்தான், அவற்றுள் ஒன்றுக்குக் காலையிலேயே போய்விட்டால் மற்றொன்றுக்காக மட்டும் பாஸ் வாங்குவதா என்ற கேள்வி வரும்.

முல்லை (நியூ ஜெர்சி):

வைகைக்கரையான் சொல்லும் கணக்கு சரிதான் என்றாலும், கடைசியில் கேட்டிருக்கும் கேள்வியை அவர் தொடவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று இதைத் தொடங்கியபோது காசு எதுவும் இல்லை. ரைடின் அருகிலுள்ள இயந்திரத்தில் நுழைவுச்சீட்டைச் செலுத்தினால், எத்தனை மணிக்குத் திரும்பி வரலாம் என்று அச்சிட்ட சிறு தாள் வரும். ஏழையாயினும் பணக்காரராயினும் சீக்கிரம் நடந்து போனவருக்கு அது கிடைத்தது. பிறகு அது கைப்பேசிக்கு மாறி, 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்ற பெயரில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் என்று கட்டணச் சேவையாயிற்று. 2024 ஜூலையில் மல்டி பாஸ், சிங்கிள் பாஸ் என்று பெயர் மாறியது. அதே ஆண்டின் இறுதியில், நேரம் குறிக்காமலே விரைவு வழியில் செல்லவிடும் பிரீமியர் பாஸ் வந்தது; அது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 129 டாலரில் தொடங்கி 449 டாலர் வரை என்று அறிவிக்கப்பட்டது. இலவசமாக இருந்த ஒன்று கால் நூற்றாண்டில் எங்கே வந்து நிற்கிறது என்பதைப் பாருங்கள்.

ரைடில் இருக்கும் இருக்கைகள் அதேதான். இரண்டு வரிசைகளும் சேரும் இடத்தில் பணியாளர் விரைவு வழியில் வருபவர்களைக் கூடுதலாக விடும்போது, பொது வரிசை அந்த அளவுக்கு நின்றுபோகிறது. நாம் மிச்சப்படுத்தும் நேரம் பின்னால் நிற்கும் குடும்பத்தின் கணக்கில் ஏறுகிறது. திருப்பதியில் 300 ரூபாய் தரிசன வரிசையைப் பார்க்கும்போது எழும் கேள்விதான் இதுவும். அதனால் யாரும் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, எட்டு வயது மகள் "அவர்கள் ஏன் நிற்கிறார்கள்?" என்று கேட்டால், நாம் பணம் கொடுத்திருக்கிறோம், அவர்கள் கொடுக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நாம் ஏதோ சிறப்பானவர்கள் என்ற எண்ணம் அவள் மனத்தில் படிந்துவிடக் கூடாது.

நாங்கள் எங்கள் இரு பிள்ளைகளோடும் பாஸ் இல்லாமல்தான் சென்று வந்தோம். வாயில் திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய் நிற்போம். முதல் இரண்டு மணி நேரத்தில் கூட்டமுள்ள ரைடுகளை முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் அறைக்குத் திரும்பிப் பிள்ளைகளைத் தூங்க வைத்து, மாலையில் மறுபடியும் போவோம். பூங்கா மூடும் நேரத்துக்கு முன் வரிசையில் நுழைந்துவிட்டவர்களை ஏற்றாமல் அனுப்புவதில்லை என்பதால், கடைசி நேரம் பெரிய பிள்ளைகளுக்கு மிகவும் உதவும். பாஸ் வாங்கியவர்களைப் பார்த்தால், அடுத்து எது கிடைக்கும் என்று கைப்பேசியைக் குனிந்து பார்த்தபடியே நாளைக் கழிக்கிறார்கள். அவ்வளவு தொலைவு பயணம் செய்து வந்த தாத்தா, பாட்டியோடு இருக்க வேண்டிய பொழுது அது.

ஆழியன் (டல்லாஸ்):

மகளை யார் அழைத்துச் செல்வது என்ற கேள்விக்கு இதுவரை விடை வரவில்லை. அதற்கு ரைடர் ஸ்விட்ச் என்ற ஏற்பாடு இருக்கிறது, கட்டணம் கிடையாது. குடும்பத்தோடு ரைடின் வாயிலுக்குச் சென்று, உயரம் போதாத குழந்தை இருக்கிறது என்று பணியாளரிடம் சொல்லுங்கள். உங்கள் கணவர் மகளோடு பொது வரிசையில் சென்று ஏறி வரும்வரை நீங்கள் மகனோடு வெளியே இருக்கலாம். அவர்கள் திரும்பியதும் நீங்கள் லைட்னிங் லேன் வழியாகவே உள்ளே செல்லலாம், அந்த நீண்ட காத்திருப்பு உங்களுக்கு இல்லை. பெரும்பாலும் உங்களோடு துணைக்கு வருகிறேன் என்று மகள் இரண்டாவது முறையும் ஏறிவிடலாம், எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. 102 செ.மீ. கேட்கும் ரைடுகளுக்கெல்லாம் முதலில் இதைப் பயன்படுத்துங்கள், பாஸை மகனும் சேர்ந்து ஏறக்கூடியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் மகனுக்கு ஆட்டிசம் உண்டு. நெரிசலான வரிசையில் அவனால் நிற்க இயலாது என்பதை விளையாட்டுப் பூங்காவில் போய் விளக்கிக்கொண்டிருப்பது எங்களுக்குப் பெரும் வேதனையாக இருக்கும் என்று அஞ்சியே பல காலம் போகாமல் இருந்தோம். டிஸெபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ் என்ற சேவையில், பயணத்துக்கு முன்பே காணொளி அழைப்பில் பேசிப் பதிவு செய்துகொள்ளலாம். பொது வரிசையில் காத்திருக்க வேண்டிய நேரத்தை நிழலிலோ உணவகத்திலோ கழித்துவிட்டு, குறித்துத் தரும் நேரத்தில் விரைவு வழியில் செல்லலாம். இதற்கும் கட்டணம் இல்லை. 2024இல் விதிகளை இறுக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சி சார்ந்த குறைபாடுகளால் நீண்ட நேரம் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு என்று வரையறுத்துவிட்டார்கள். ஆகவே முழங்கால் வலிக்கு இது பொருந்தாது. உங்கள் மாமியாருக்குச் சக்கர நாற்காலி எடுத்துக்கொள்வதே சரி. உரிமையுள்ள பெற்றோர் யாரும் கூச்சப்பட்டு இதைக் கேட்காமல் இருந்துவிட வேண்டாம்.

தென்றல் (அட்லாண்டா):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ரைடர் ஸ்விட்ச் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. முல்லை அவர்கள் எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன்; மகளிடம் எப்படிச் சொல்வது என்று இப்போது எங்களுக்குத் தெளிவாகிவிட்டது. மேஜிக் கிங்டமுக்கு மட்டும் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மாமனார், மாமியாருக்கும் சேர்த்து வாங்க வேண்டுமா? வெளியே தங்கும் எங்களுக்கு எப்போது முன்பதிவு திறக்கும்?

வைகைக்கரையான் (டாம்பா):

டிஸ்னி விடுதியில் தங்குபவர்களுக்கு 7 நாட்களுக்கு முன்பும், வெளியே தங்குபவர்களுக்கு 3 நாட்களுக்கு முன்பும் திறக்கும். இரண்டுமே ஆர்லாண்டோ நேரப்படி காலை 7 மணிக்குத்தான். அட்லாண்டாவிலும் அதே நேரம் என்பதால் உங்களுக்குக் குழப்பம் இல்லை. முன்கூட்டியே மூன்று ரைடுகளைத் தேர்ந்தெடுக்கலாம். அதிகம் விரும்பப்படுபவை அடங்கிய முதல் பிரிவிலிருந்து ஒன்றுதான் எடுக்க முடியும், மற்ற இரண்டும் அடுத்த பிரிவிலிருந்து. முதல் பிரிவில் பீட்டர் பான் கிடைத்தால் அதையே எடுங்கள். மூன்றுக்கும் காலை நேரமாகவே பாருங்கள். ஒன்றைப் பயன்படுத்தியவுடன் அடுத்ததைச் செயலியில் எடுக்கலாம் என்பதால், முதல் ரைடு மாலை 4 மணிக்கு அமைந்தால் பாதி நாள் வீணாகிவிடும். ஒரே ரைடை மல்டி பாஸில் ஒரு நாளில் ஒரு முறைதான் எடுக்கலாம். கைப்பேசியை ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், முல்லை சொன்ன குறை பெருமளவு தீரும்.

மாமனார், மாமியாருக்கு வேண்டாம். பாஸ் ஆளுக்கு ஒன்று என்பதால், அது இல்லாதவர்கள் உங்களோடு விரைவு வழியில் வர முடியாதுதான். ஆனால் பூங்காவைச் சுற்றிவரும் ரயில், உயரத்தில் மெல்லச் செல்லும் பீப்பிள்மூவர், கரோசல் ஆஃப் ப்ராக்ரஸ் எல்லாமே பெரும்பாலும் அதிகம் காத்திருக்காமல் உட்கார்ந்து பார்க்கக்கூடியவை. நீங்கள் பிள்ளைகளோடு விரைவு வழியில் போகும் நேரத்தில் அவர்கள் அங்கே இருக்கட்டும். ஹான்டட் மேன்ஷன் போல வரிசை நகரும் இடங்களுக்கு ஆறு பேருமாகச் சேர்ந்து போங்கள்.

ஜூன் மாதம் என்பதால் பிற்பகலில் இடியோடு மழை வரும். மின்னல் அருகில் இருந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். உங்களுக்குக் குறித்த நேரத்தில் ரைடு நின்றுபோனால் அந்தப் பதிவு வீணாகாது. வேறு ரைடுகளில் பயன்படுத்தும்படி செயலியில் தானாகவே மாறிவிடும். மழைச்சட்டைகளை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள், பூங்காவுக்குள் விலை அதிகம்.