"நிறுவனம்" போதாது, "கட்டுமுறை" எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பொருளாதாரப் பாடநூலைத் தமிழில் எழுதும்போது இன்ஸ்டிட்யூஷன் என்ற ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் "நிறுவனம்" என்றே போட்டுவிடலாம் என்ற யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. 1993இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற டக்ளஸ் நார்த், இந்தச் சொல்லை ஆட்டத்தின் விதி என்ற பொருளில் ஆண்டார். ஆர்கனைசேஷன் என்பது அந்த விதிக்குள் ஆடுகிற அணி. வங்கி ஓர் அணி; வாங்கிய கடனை அடைக்காதவனுக்கு என்ன நடக்கும் என்பது விதி. இரண்டையும் "நிறுவனம்" என்றால், "நிறுவனங்கள் சீராக இருந்தால் நாடு வளரும்" என்ற வரியைப் படிக்கும் மாணவர் நல்ல கம்பெனிகள் வந்தால் போதும் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

காரைக்குடிக்காரனுக்கு இதில் குழப்பம் வரக்கூடாது. பர்மாவில் வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) ரங்கூன் மொகல் தெருவில் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். அதைத்தான் மற்ற வட்டிக் கடைகளும் அனுசரித்தன. கடையை நடத்த ஊரிலிருந்து போன மேலாள் முதலாளியின் பணத்தைக் கடல் கடந்து மூன்று வருடம் புழங்கினார். அவரைக் கட்டிவைத்தது எது? சம்பளச் சீட்டு ஒரு பக்கம். அதைவிடப் பெரிது, நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றில் அவருடைய குடும்பம் புள்ளி, அதாவது கோயில் கணக்கில் சேர்ந்த குடும்பம், என்பது. கல்யாணத்துக்குக் கோயில் மாலை வரவேண்டும், சம்பந்தம் பேச நல்ல பெயர் வேண்டும். கையாடினால் வேலை போவதோடு முடியாது, பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போகவும் வாய் வராது.

ஆனால் பர்மிய விவசாயிக்கு இந்தக் கோயிலும் இல்லை, புள்ளியும் இல்லை. அவருக்குக் கொடுத்த கடனுக்குப் பிடிமானம் ஆங்கிலேயர் சட்டப்படி எழுதிய நில அடமானம். 1930களில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போக, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி விளைநிலம் செட்டியார் கைக்கு வந்தது. விவசாயிகளின் ஆத்திரமும் சேர்ந்தே வந்தது. அப்புறம் யுத்தம், சுதந்திரம், 1948இன் நில தேசியமயச் சட்டம். எழுதின விதி மாறியதும் பத்திரம் வெறும் காகிதமாயிற்று. தங்களுக்குள் இருந்த நாணயம் எவ்வளவு கெட்டியாக இருந்தும் அந்த இடத்தில் உதவவில்லை.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் எழுதின சட்டம், எழுதாத வழக்கம் இரண்டையும் அணைக்க வேண்டும். அணியைக் குறிக்கக் கூடாது. "முறைமை"யை இலங்கை நண்பர்கள் ஏற்கெனவே சிஸ்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். "அமைப்பு" எதற்கெடுத்தாலும் வந்து நிற்கிறது. என் யோசனை "கட்டுமுறை". "ஊர்க் கட்டுப்பாடு" என்பதில் இருக்கிற அதே கட்டு. அதை மீறினால் தள்ளிவைப்பார்கள் என்ற கசப்பும் அதில் ஒட்டியே இருக்கிறது, இருக்கட்டும். கட்டுமுறை எல்லாம் நல்லது என்று யார் சொன்னது?

செட்டிநாட்டில் கட்டுமுறை என்றால் வீடு கட்டும் முறை என்று எடுத்துக்கொண்டு முட்டைப் பூச்சும் ஆத்தங்குடிக் கல்லும்தான் நினைவுக்கு வரும் என்று யாராவது கேலி செய்வீர்கள். தேவைப்பட்ட இடத்தில் "சமூகக் கட்டுமுறை" என்று போட்டுக்கொள்ளலாம். முறைசார் (ஃபார்மல்), முறைசாரா (இன்ஃபார்மல்) என்ற அடைமொழிகளை இதோடு சேர்த்தால் "முறைசாராக் கட்டுமுறை" என்று நாக்கு சுளுக்கும். "எழுதிய கட்டுமுறை", "எழுதாக் கட்டுமுறை" போதும். இப்படித்தான் நடக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பதைக் குறிக்கும் நார்ம் என்பதற்கு "வழக்கு" வேண்டாம், கோர்ட் ஞாபகம் வரும், "வழக்கம்" இருக்கட்டும்.

இன்னொன்று: பேரம் பேசி, ஒப்பந்தம் போட்டு, அதைக் கண்காணிக்க ஆகும் செலவான டிரான்ஸாக்ஷன் காஸ்ட் என்பதற்குப் "பரிவர்த்தனைச் செலவு" என்று கலைச்சொல் பட்டியலில் பார்த்தேன். "கொடுக்கல் வாங்கல் செலவு" என்றால் யாருக்காவது ஆட்சேபணை உண்டா?