எஸ்ஏபி குவெரி: ஸ்டாண்டர்ட் ஏரியாவில் இருப்பதை குளோபல் ஏரியாவுக்கு நகலெடுப்பது எப்படி?

குவெரி_பித்தன்:
வணக்கம். டெவலப்மென்ட் கிளையன்ட்டில் (எஸ்ஏபி சிஸ்டத்துக்குள் தனியாக இயங்கும் ஒரு பகுதி) அசெட் பட்டியலுக்கான சில குவெரிகள், அதாவது எஸ்ஏபியில் நிரல் எழுதாமல் கட்டும் அறிக்கைகள், ஸ்டாண்டர்ட் ஏரியாவில் கிடக்கின்றன. அது அந்த ஒரு கிளையன்ட்டுக்கு மட்டுமான இடம். எல்லாம் ஒரே யூசர் குரூப் (குவெரியை ஓட்டும் பயனர் குழு), ஒரே இன்ஃபோசெட் (குவெரிக்குப் புலங்களைத் தரும் தொகுப்பு). இன்ஃபோசெட்டில் இரண்டு கூடுதல் புலங்களுக்கு நிரல் கோடும் எழுதியிருக்கிறது. இவற்றை எல்லா கிளையன்ட்டுக்கும் பொதுவான குளோபல் ஏரியாவில் வைத்து, மற்ற டெவலப்மென்ட்களைப் போலவே புரொடக்‌ஷன் வரை அனுப்பவேண்டும். குவெரி கட்டும் திரையான எஸ்க்யூ01-இல் காப்பி கொடுத்தால் குவெரி பெயரையும் யூசர் குரூப்பையும் மட்டும் கேட்கிறது. ஏரியாவை மாற்றிவிட்டுப் பார்த்தால் பழைய குவெரியே தெரிவதில்லை. மறுபடி கையால் கட்டுவதுதான் வழியா? இதில் இரண்டு குவெரிகளுக்கு எஸ்இ93-இல் கட்டிய டிகோடும் (நேராகத் திறக்கும் குறுங்கட்டளை) உண்டு.

அபாப்_அண்ணாச்சி:
கையால் கட்டவேண்டாம். எஸ்க்யூ01 காப்பி ஒரே ஏரியாவுக்குள் வேலை செய்வது. ஏரியா தாண்டவேண்டுமானால் இன்ஃபோசெட் திரையான எஸ்க்யூ02-இல் என்விரான்மென்ட் மெனு, அதில் டிரான்ஸ்போர்ட்ஸ். புரோகிராம்களை ஓட்டும் எஸ்ஏ38-இல் ஆர்எஸ்ஏக்யூஆர்3டிஆர் என்ற புரோகிராமை ஓட்டினாலும் இதே திரைதான்.

எக்ஸ்போர்ட், இம்போர்ட், டவுன்லோட், அப்லோடுடன் ஸ்டாண்டர்டிலிருந்து குளோபலுக்கு, குளோபலிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு என்று இரண்டு காப்பி தேர்வுகளும் அங்கே இருக்கும். முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்ட் ரன் டிக்கை எடுக்காமல் ஒருமுறை ஓட்டி, வரும் பதிவை முழுக்கப் படியுங்கள். பிறகு டிக்கை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

வரிசை முக்கியம்: முதலில் யூசர் குரூப், அடுத்து இன்ஃபோசெட், கடைசியில்தான் குவெரி. இன்ஃபோசெட் அங்கே இல்லாமலோ, அந்த யூசர் குரூப்புக்கு ஒதுக்கப்படாமலோ இருந்தால் குவெரி நிற்க இடமில்லை. அதே பெயரில் குளோபலில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் ஓவர்ரைட் அனுமதி டிக் இல்லாமல் நகராது. ஆனால் அங்கே இருப்பது யாருடையது என்று பார்க்காமல் அந்த டிக்கைப் போடாதீர்கள். குளோபல் ஏரியா எல்லா கிளையன்ட்டுக்கும் பொது, பக்கத்து டீமின் இன்ஃபோசெட்டும் போய்விடும்.

முடிந்ததும் எஸ்க்யூ02-இல் ஏரியாவை குளோபலுக்கு மாற்றி இன்ஃபோசெட்டை ஜெனரேட் செய்யுங்கள். கூடுதல் புலங்களின் கோடில் பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பேசிஸ்_பக்கம்:
மேலே சொன்னதோடு பேக்கேஜையும் பாருங்கள். குளோபல் ஏரியா பொருள்கள், மாற்றங்களைப் பதிந்து அடுத்த சிஸ்டத்துக்கு அனுப்பும் வொர்க்பெஞ்ச் ஆர்கனைசரோடு இணைந்தவை. பேக்கேஜ் டாலர் டிஎம்பி ($TMP, வெளியே அனுப்பாத உள்ளூர் பேக்கேஜ்) என்று இருந்தால் டிரான்ஸ்போர்ட் ரெக்வெஸ்டில் ஏறாது. யூசர் குரூப், இன்ஃபோசெட், குவெரி மூன்றுக்கும் தனித்தனியாகச் சரிபார்த்து உங்கள் சொந்த இசட் பேக்கேஜுக்கு மாற்றுங்கள். குவெரி மட்டும் போய், இன்ஃபோசெட் பின்தங்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு.

இன்னொன்று. குளோபலுக்குப் போனபின் புரொடக்‌ஷனில் யாரும் குவெரியைத் திருத்தமுடியாது, அங்கே கிளையன்ட் கடந்த மாற்றங்கள் பூட்டியிருக்கும். பயனர்கள் தாங்களே அவ்வப்போது திருத்திக்கொள்கிற குவெரி என்றால் ஸ்டாண்டர்டிலேயே விட்டுவிடுவது நல்லது. அதற்கும் டிரான்ஸ்போர்ட் உண்டு: அதே திரையில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் ரெக்வெஸ்ட் உருவாகும், அது இலக்கு சிஸ்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபின், அந்தந்த கிளையன்ட்டில் நுழைந்து ரெக்வெஸ்ட் எண்ணைக் கொடுத்து இம்போர்ட் ஓட்டவேண்டும். இந்த இரண்டாம் படியை மறந்துவிட்டு "டிரான்ஸ்போர்ட் பச்சையாக இருக்கிறது, குவெரி வரவில்லை" என்று பலரும் டிக்கெட் போடுகிறார்கள்.

குவெரி_பித்தன்:
நன்றி அண்ணாச்சி, நன்றி பேசிஸ். காப்பி ஆகிவிட்டது, குவெரியும் ஓடுகிறது. ஆனால் டிகோட் இன்னும் பழையதையே திறக்கிறது. எனக்குத் தெரிகிற குவெரி, கணக்குப் பிரிவினருக்குப் பட்டியலில் வரவும் இல்லை.

அபாப்_அண்ணாச்சி:
டிகோடை ஜெனரேட் ஆன புரோகிராம் பெயரில் கட்டியிருப்பீர்கள். அந்தப் பெயரிலேயே ஏரியா ஒளிந்திருக்கிறது. குளோபலில் அது ஏக்யூஇசட்இசட் என்று தொடங்கும். ஆக, இப்போது உங்களிடம் இருப்பவை இரண்டு தனிப் புரோகிராம்கள். டிகோடை அழித்துவிட்டு, அறிக்கைகளைத் தொடங்கும் ஸ்டார்ட்_ரிப்போர்ட்டை வைத்து, புல மதிப்புகளை முன்கூட்டியே நிரப்பித் தரும் பாராமீட்டர் டிரான்ஸாக்‌ஷனாகக் கட்டுங்கள். ரிப்போர்ட் டைப்பில் ஏக்யூ, ரிப்போர்ட் புலத்தில் யூசர் குரூப், எக்ஸ்டென்டட் ரிப்போர்ட் புலத்தில் குவெரி பெயர். யூசர் குரூப்புக்கு 12 இடம். பெயர் சிறியதாக இருந்தால் வெற்றிடம் விட்டு, சரியாக 13ஆம் இடத்தில் ஜி என்ற எழுத்தைப் போடவேண்டும். அதுதான் குளோபல் ஏரியாவின் குறி. ஓர் இடம் தள்ளிப்போனாலும் குவெரி கிடைக்காது. செலக்‌ஷன் வேரியன்ட்களும் (சேமித்துவைத்த தேர்வு மதிப்புகள்) புரோகிராம் பெயரோடு ஒட்டியவைதான், அவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள்.

பேசிஸ்_பக்கம்:
கணக்குப் பிரிவு விஷயம்: எஸ்_குவெரி அனுமதியில் 02 (திருத்தம்), 23 (பராமரிப்பு) இரண்டும் உள்ளவருக்கு எல்லா யூசர் குரூப்பும் தெரியும், பெயர் சேர்க்காமலேயே. உங்களுக்கு அதனால்தான் தெரிகிறது. அவர்களுக்கு யூசர் குரூப் திரையான எஸ்க்யூ03-இல் குளோபல் ஏரியாவுக்குப் போய் குரூப்பில் பயனர்களைச் சேர்க்கவேண்டும். சோதனையையும் அவர்களில் ஒருவரின் ஐடியில் செய்யுங்கள். எல்லாம் சரியானதும் ஸ்டாண்டர்டில் இருக்கும் பழைய குவெரிகளை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது அதிலேயே திருத்திக்கொண்டிருப்பார்கள்.