பதில்: மீனவர் விழிப்புணர்வு முகாம் பற்றி

சங்கத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

கடலடித் தொல்பொருள் காக்க நம் ஊரில் விழிப்புணர்வு முகாம் நடத்தலாம் என்று சென்னைக் கிளை அண்ணன் எழுதியிருந்தார். நோக்கம் நல்லதுதான். ஆனால் யாருக்கு யார் விழிப்புணர்வு தருவது? கடலுக்கடியில் எங்கே என்ன கிடக்கிறது என்று வலையைப் பறிகொடுத்தவருக்குத் தெரியாததையா நாம் மைக் வைத்துச் சொல்லப்போகிறோம்?

பூம்புகாருக்கு எதிரே சுமார் 20 மீட்டர் ஆழத்தில் கோவா கடலியல் நிறுவனத்தார் பழைய கப்பல் ஒன்றின் சிதைவைக் கண்டார்கள். உள்ளே ஈயக் கட்டிகள், அவற்றில் 1791, 1792 என்று ஆண்டு முத்திரை. நமக்கு அது பெரிய செய்தி. நம் பெரியப்பாமார் காலத்தில் படகை நடத்திய தண்டயல்களுக்கோ அப்படிப்பட்ட இடமெல்லாம் 'வலை சிக்குற இடம்', அவ்வளவுதான். கோயில் கோபுரமும் சவுக்குத் தோப்பின் வடக்கு ஓரமும் ஒரே நேராக வந்தால் அங்கே வலை போடாதே என்பார்கள். இப்போதுள்ள பையன்களுக்கு ஜிபிஎஸ் போதும். அந்தப் பழைய அடையாளக் கணக்கு எங்கும் எழுதிவைக்கப்படவில்லை.

சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தும் ஏன் சொல்வதில்லை? பயம்தான். சொன்னால் நாளைக்கே 'இங்கே மீன் பிடிக்காதே' என்று பலகை வைத்துவிடுவார்களோ என்ற பயம். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே மும்பையில் கண்ணெதிரே பார்த்தோமே. கடற்கரைச் சாலைப் பாலத்தின் தூண்களுக்கு நடுவே 60 மீட்டர் போதும் என்று திட்டம் போட்டார்கள். படகு போகாது என்று வொர்லி கோலிவாடா மீனவக் குப்பத்தார் வேலையையே மறித்துப் போராடிய பிறகுதான் 120 மீட்டர் ஆனது. முதலிலேயே கேட்டிருந்தால் என்ன?

சட்டமும் பெரிதாகக் கைகொடுக்காது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் மண்ணுக்குள் கிடைப்பதைக் கலெக்டரிடம் சொல்லச் சொல்கிறது. வலையில் வந்த பானையை எந்த ஆபீசில் கொண்டுபோய் வைப்பது?

வெளியூர்க் கதை இரண்டு. இலங்கையில் கொடவாய கடலில் 2003இல் சங்கு குளித்தவர்கள் ஒரு சிதைவைப் பார்த்துத் தொல்லியல்காரர்களிடம் சொன்னார்கள். சுமார் 2000 ஆண்டுப் பழைய கப்பல் அது. கறுப்பு சிவப்புப் பானை, கண்ணாடிக் கட்டி, அரைக்கும் கல் எல்லாம் கிடைத்தன. இந்தோனேசியாவின் பெலிட்டுங்கில் 1998இல் கடல் அட்டை குளித்தவர்கள் 9ஆம் நூற்றாண்டு அரபுக் கப்பலைக் கண்டார்கள். அதை ஒரு வணிக நிறுவனம் எடுத்தது. சுமார் 60,000 சீனப் பீங்கான்களில் பெரும்பகுதி 3 கோடி டாலருக்கு மேல் விலைபோய்ச் சிங்கப்பூர் சேர்ந்தது. கண்டுபிடித்தது இரண்டு இடத்திலும் குளியாட்கள்தான்; அப்புறம் அது யார் கைக்குப் போனது என்பதில்தான் வித்தியாசம்.

அதனால் என் யோசனை இது. முகாமுக்கு ஒதுக்கும் பணத்தில் வலைக்கு ஒரு நிதி வையுங்கள். சிதைவில் சிக்கி வலை கிழிந்தால், இடத்தைச் சொல்பவருக்குப் பாதி விலையாவது சங்கம் தரட்டும். சொன்ன இடங்கள் ஒரே ஒரு நோட்டில் ஏறட்டும், அது ஊர்ப் பஞ்சாயத்தார் பெட்டியில் இருக்கட்டும். தயவுசெய்து யாரும் அதை வாட்ஸ்அப்பில் போட வேண்டாம், பெலிட்டுங் கதை நமக்கும் வந்துவிடும். ஆய்வுக்கு யார் வந்தாலும் நம் படகு, நம் தண்டயல், அன்றைய கூலி. அறிக்கையில் அந்தத் தண்டயல் பெயரும் வர வேண்டும். இதற்கு ஒத்துக்கொண்டால் நோட்டைக் காட்டலாம்.

இன்னொன்று. வலையில் வந்த சாடி ஒன்று சித்தி வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது, விளிம்பெல்லாம் சிப்பி அப்பி. கோழிக்குத் தண்ணீர் வைக்கிறார்கள். பொங்கலுக்குப் போகிறவர்கள் அதை ஆசிட் ஊற்றித் தேய்க்கவோ வெயிலில் காயவைக்கவோ சொல்லாதீர்கள். கடலில் ஊறிய மண்பாண்டம் சட்டென்று காய்ந்தால் உள்ளே இருக்கும் உப்பு பூத்து வெடித்துவிடும். நல்ல தண்ணீரில் மூழ்க வைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றினாலே போதும். கோழிக்கு வேறு சட்டி நான் வாங்கித் தருகிறேன்.

செம்பூரில் இருவர் வலை நிதிக்குப் பணம் தர ஒத்துக்கொண்டார்கள். மற்ற கிளைகள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
மும்பைக் கிளையிலிருந்து