கைக்காப்பு வைத்த பழைய கட்டாரி: தென்னாட்டு வேலையா? அலகு எங்கே அடித்தது?

செங்காட்டான்:

வணக்கம். ஒரு கட்டாரியை (குறுக்குப்பிடியை முட்டியில் பற்றிக் குத்தும் குத்துவாள்) அடையாளம் காண உதவி வேண்டும். மொத்த நீளம் 51 செ.மீ., அதில் அலகு மட்டும் 31 செ.மீ. அடியில் அகலம் 4 செ.மீ.; முனைக்கு 5 செ.மீ. முன்பு வரை கிட்டத்தட்ட அதே அகலம்தான், பிறகுதான் கூம்புகிறது. அடியில் தடிப்பு 4.5 மி.மீ., எடை 520 கிராம். அலகின் இரு முகத்திலும் நீளவாட்டில் மூன்று பள்ளக்கோடுகள் ஓடுகின்றன. புறங்கையை மூடுகிற மாதிரி, காற்றில் உப்பிய பாய் போல வளைந்த ஒரு கைக்காப்புத் தகடு உண்டு. அதில் துளைவேலை, மேல்நுனியில் சிறிய யாளித் தலை. பக்கச் சட்டங்களுக்கு இடையில் இரண்டு குறுக்குப்பிடி. பிடியிலிருந்து நாக்கு போல நீளும் பட்டைகள் அலகை இரு பக்கமும் கவ்வுகின்றன. மூன்று ஆணி அடித்திருக்கிறது. அலகின் பாதிக்கு மேல் செந்துரு.

விற்றவர் "நாயக்கர் காலம், அசல் உக்கு இரும்பு" என்கிறார். அப்படித்தானா? புதுப்பொருளைப் பழசாக்கி விற்றிருக்க வாய்ப்புண்டா? துருவை எப்படி எடுப்பது? ஆசிட் போட்டுத் தேய்க்கலாமா?

உலைக்களம்:

முதல் வேலை: எதையும் தேய்க்காதீர்கள். துருவோடேயே நாலா பக்கமும் படம் எடுத்து வையுங்கள். துருவுக்கும் சாட்சி மதிப்பு உண்டு.

வடிவத்தைப் பார்ப்போம். புறங்கையை மூடும் அந்தத் தகடுதான் தென்னாட்டுக் கட்டாரியின் அடையாளம். விஜயநகரத்திலும், பின் தஞ்சை, மதுரை நாயக்கர் ஆட்சியிலும் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் வழங்கிய வடிவம் இது. பிறகு வடக்கின் திறந்த பிடி பரவியது, கைக்காப்பு மெல்ல மறைந்தது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர் கலைத்தபோது சிறந்தவற்றில் ஒரு பகுதி சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அமெரிக்க ஆயுதச் சேகரிப்பாளர் ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் விட்டுச்சென்ற தொகுப்பிலும் இந்த வகை உண்டு. அவர்கள் தளத்தில் பெரிய படங்கள் கிடைக்கும். உங்கள் கைக்காப்பின் வளைவையும் யாளியின் வாயையும் அவற்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

தெற்கத்திய வடிவம் என்பதாலேயே தஞ்சையிலிருந்து நேராக வந்தது என்று சொல்லிவிட முடியாது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆந்திரப் பகுதியின் ஆதோனிக் கோட்டை முகலாயர் கைக்குப் போனபோது, அந்தப் படையில் இருந்த பீகானேர் அரசர் அனூப் சிங் வழியாகத் தக்காணத்து ஆயுதங்கள் ராஜஸ்தானுக்குப் போயின. பீகானேர் ஆயுதசாலையில் இருந்தவற்றில் தேவநாகரி எழுத்தும் எண்ணும் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். பிடியின் உள்முகத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் அந்தப் புள்ளிகள் கண்ணில் படாது.

அடுத்தது அலகு. கிட்டத்தட்ட இணையான இரு விளிம்பு, மூன்று பள்ளக்கோடு, 4.5 மி.மீ. தடிப்பு: இவை ஐரோப்பிய வாள் ஒன்றை வெட்டிச் செய்த அலகு என்ற ஐயத்தைத் தருகின்றன. தெற்கில் இது சாதாரண வழக்கம். போர்த்துகீசியர் காலம் தொட்டுக் கப்பலில் வந்திறங்கிய அலகுகள், ஒடிந்த வாள்கள் எல்லாம் கட்டாரிக்குப் பயன்பட்டன. உள்ளூரில் கட்டாரிக்கென்றே அடித்த அலகு அடியில் அகன்று முக்கோணமாக ஒடுங்கும், நடுவில் முதுகெலும்பு போல மேடு இருக்கும், முனை தடித்திருக்கும்.

சந்தேகம் தீர ஒன்று செய்யுங்கள். பள்ளக்கோடுகள் முனைப்பக்கம் எப்படி முடிகின்றன என்று பாருங்கள். கட்டாரிக்கென்றே செய்த அலகில் கோடுகள் முனைக்கு முன்பே மெல்ல அடங்கிவிடும். நீள வாளை வெட்டியிருந்தால், கோடு அடங்காமல் ஓடி, புதிதாகத் தீட்டிய முனைச்சரிவில் சட்டென்று அறுபட்டு நிற்கும். ஓரக்கோடுகள் வெட்டுவிளிம்பிலேயே போய்த் திறந்துவிடும். அதேபோல் பிடிப்பட்டைக்கு அடியிலும் கோடு தொடர்கிறதா என்று இடுக்கில் பாருங்கள்.

கோடுகளுக்குள்தான் எழுத்தோ முத்திரையோ இருக்கும். ஜெர்மனியின் பாஸாவ், ஸோலிங்கன் அலகுகளில் ஓடும் ஓநாய் உருவை நாலைந்து கீறலில் வெட்டிப் பித்தளை பதித்திருப்பார்கள். சிலுவை வைத்த உருண்டை, பல் வைத்த இரட்டைப் பிறை ஆகியவையும் உண்டு. பிறை முத்திரையை இங்குள்ள கொல்லர்களும் அடித்தார்கள் என்பதால் அதை மட்டும் நம்பி ஐரோப்பா என்று எழுதிவிடாதீர்கள். எழுத்து தலைகீழாகவோ, சொல் பாதியில் குழம்பியோ இருந்தால் உள்ளூர் நகலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கருமான்பட்டறை:

அலகைப் பற்றி மேலே சொன்னவரோடு உடன்படுகிறேன். ஒன்றைச் சேர்க்கிறேன்: அலகு பரங்கி அலகு என்றால் அது உக்கு அல்ல. உக்கு என்பது மண் குகையில் (உலோகம் உருக்கும் சிறு கலம்) இரும்போடு கரிப்பொருளைப் போட்டு மூடி, உருக்கி, மெல்ல ஆறவிட்டு எடுப்பது; கரிச்சத்து 1 முதல் 2 சதவீதம் வரை இருக்கும். அந்தக் கட்டியைக் குறைந்த சூட்டில் பொறுமையாக அடித்து நீட்டினால்தான் நீரோட்டம் போன்ற கோலம் வரும். தமிழகத்தில் கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் உக்கு உருக்கியதற்கான தடயங்கள் கிடைத்திருப்பதால், இங்கே பழைய கத்தி எல்லாமே உக்கு என்று விற்பவர்கள் சொல்வது வாடிக்கையாகிவிட்டது. ஐரோப்பிய அலகில் அந்தக் கோலம் எதிர்பார்க்க முடியாது. விற்றவரின் இரண்டு கூற்றில் இரண்டாவது பெரும்பாலும் விழும்.

கோலம் பார்க்கவென்று பிசிபி (மின்சுற்று) பலகை அரிக்க விற்கும் ஃபெரிக் குளோரைடை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். அதிலுள்ள குளோரைடு குழிகளுக்குள் தங்கி, மறு மழைக்காலத்தில் துருவாக வெளியே வரும். துரு இல்லாத இடமாக ஒரு செ.மீ. சதுரத்தை அசிட்டோனால் துடைத்து, 10 மடங்கு லென்ஸில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். உக்காக இருந்தால் பல நேரம் ஆசிட் இல்லாமலே நிழல் போலத் தெரியும். வரி ஒரே சீராக, மர இழை போல மடிப்பு மடிப்பாக இருந்தால் அது இரண்டு வகை இரும்பை அடுக்கி அடித்தது. இன்றைக்கு 'டமாஸ்கஸ்' என்று விற்கும் புதுக் கத்திகளில் பெரும்பாலானவை அந்த ரகம்தான்.

இனி பிடி. பழைய அலகுக்குப் புதுப்பிடி போட்டு விற்பதுதான் இந்தச் சந்தையின் பெரிய ஏமாற்று, ஆகவே பிடியைத் தனியாகச் சோதியுங்கள். துளைவேலையில் முதலில் துளை போட்டு, பிறகு அரத்தால் அராவி வடிவம் கொண்டுவருவார்கள். அதனால் ஒரு துளை போல இன்னொன்று இருக்காது. உள்சுவரில் அரத்தின் கோடுகள் குறுக்கே தெரியும். வார்ப்பில் எடுத்த நகலில் எல்லாத் துளையும் ஒரே அளவு, மூலைகள் மழுங்கல், உள்ளே ஊசிமுனைக் குமிழிகள். யாளியின் கண்ணைப் பாருங்கள். உளியால் வெட்டிய கண்ணில் விளிம்பு கூர்மையாக நிற்கும், இடக்கண்ணும் வலக்கண்ணும் சிறிதாவது வேறுபடும். வார்த்த கண் சோப்பில் அழுத்திய மாதிரி இருக்கும்.

குறுக்குப்பிடி சட்டத்தில் சேரும் மூலையில் மஞ்சளாகவோ செம்பு நிறமாகவோ மெல்லிய கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது பொடிவைத்துப் பற்றவைத்தது, பழைய முறை. மணிமணியாக உருண்டு உறைந்திருந்தால் மின்வெல்டிங். ஆணிகளில் துரு எப்படிப் போகிறது என்பதும் முக்கியம். பட்டையின் துரு ஆணித்தலை மேலும் அதே நிறத்தில், அதே குழியோடு தொடர்ந்தால் ஆணி நெடுங்காலமாக அங்கேயே இருக்கிறது. ஆணியைச் சுற்றி மட்டும் பளிச்சென்ற வளையம் இருந்தால் சமீபத்தில் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

புதுப்பொருளில் உப்பும் ஆசிட்டும் போட்டு வரவழைத்த துரு விரலில் மஞ்சளாக ஒட்டும். மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே கனம். பழைய துருவில் அடியில் கருப்பான கெட்டிப் படலம் இருக்கும், கைபடும் மேடுகள் தேய்ந்து வழவழப்பாகியிருக்கும்.

ஈரக்காற்று:

துரு எடுப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆசிட் கூடாது. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் கூடாது, குத்துவிளக்கு தேய்க்கிற நினைப்பில் கை போய்விடும். உப்புத்தாள், கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷ் இரண்டும் முத்திரையை நிரந்தரமாக அழித்துவிடும்.

முதலில் உலர்ந்த பல்துலக்கும் பிரஷால் தூசி தட்டுங்கள். தையல் மெஷின் எண்ணெயை லேசாகத் தடவி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி 2 நாள் வையுங்கள். பிறகு, மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவி, செந்துரு மேடுகளை மட்டும் சாய்வாகத் தள்ளி எடுங்கள். பிடிவாதமான இடத்தில் 0000 எண் ஸ்டீல் ஊலை எண்ணெயில் நனைத்து, அலகின் நீளவாட்டில் மட்டும் மெல்லத் தேய்க்கலாம். செந்துரு போய்க் கருப்புப் படலம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், அந்தக் கருப்புதான் இரும்பைக் காக்கிறது. ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் எண்ணெய், குச்சி, துடைப்பு என்று நாலைந்து சுற்று போங்கள்.

பிடியில் பொன், வெள்ளி வேலை ஏதாவது மினுங்கினால் அங்கே ஸ்டீல் ஊலும் வேண்டாம். இரும்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி அதன்மேல் மெல்லிய கம்பியை அடித்து ஒட்டியிருப்பார்கள், துரு புகுந்த இடத்தில் அது ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருக்கும். தொட்டால் உதிரும்.

முடிந்ததும் எண்ணெயைத் துடைத்து, அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மிக மெல்லிசாகத் தடவுங்கள். தேங்காயெண்ணெய் பூசி வைக்கிற பழக்கம் வேண்டாம். காறிப்போய்ப் பசையாகி, தூசியையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆயுத பூஜைக்கு வைத்தால் சந்தனம், குங்குமத்தை ஒரு துண்டுத் தாளின் மேல் இட்டு அதைப் பக்கத்தில் வையுங்கள். அலகின் மேல் நேரடியாக இட்ட ஈரச் சந்தனத்தின் அடியில் வட்டமாகத் துரு குழிந்துவிடும். தோலுறை, வெல்வெட் உறை இருந்தாலும் அலகை அதற்குள் வைக்காதீர்கள், இரண்டுமே ஈரம் உறிஞ்சுபவை. கடலோர ஊராக இருந்தால் மூடிய பெட்டியில் சிலிகா ஜெல் போட்டு, அது நிறம் மாறும்போது காயவையுங்கள். வெறுங்கையால் அலகைத் தொட வேண்டாம்.

ஊர்க்காவல்:

சட்டப் பக்கமும் பார்த்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட பொருள் தொல்பொருள். தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. அந்த வியாபாரம் செய்கிறவருக்கு உரிமம் இருக்க வேண்டும், ஆகவே விற்றவரிடம் ரசீது கட்டாயம் வாங்குங்கள். ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர் ஆயுதங்கள் தனி வகையில் வருகின்றன. உங்கள் அலகு 12 அங்குலத்தைத் தாண்டுகிறது. அறிவிக்கை செய்த பகுதிகளில் இவற்றுக்கு உரிமம் தேவை. உங்கள் மாவட்டத்தில் அப்படி அறிவிக்கை உண்டா என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். நிலத்தில் தோண்டும்போது கிடைத்தது என்று விற்றவர் எங்காவது வாய்விட்டிருந்தால் அது வேறு விவகாரம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தகவல் தந்திருக்க வேண்டும்.

செங்காட்டான்:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி எண்ணெயில் ஊறவைத்துக் குச்சியால் எடுத்தேன். பள்ளக்கோடுகள் அடங்கவில்லை, ஓரத்து இரண்டும் முனைச்சரிவில் அறுபட்டு நிற்கின்றன. நடுக்கோட்டில் ரோமன் எழுத்துகள் தெரிகின்றன, 'ஃபெராரா' என்பதன் கடைசி நான்கு எழுத்து என்று நினைக்கிறேன். முன்பகுதி பிடிப்பட்டைக்கு அடியில் போய்விடுகிறது. துளைகள் ஒன்றுபோல் இல்லை, உள்ளே அரக்கோடு தெரிகிறது. நடு ஆணியைச் சுற்றி மட்டும் பளிச்சென்ற வளையம். எழுத்து முழுசாகத் தெரிய பட்டையைக் கழற்றலாமா?

உலைக்களம்:

கழற்றாதீர்கள். ஆணியைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டிவரும், அதோடு அந்த இணைப்பின் வயது போய்விடும். எழுத்துகளுக்குள் குச்சியும் விட வேண்டாம், எண்ணெய் தொட்ட பஞ்சு மட்டும் போதும்.

ஆந்திரேயா ஃபெராரா 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பெல்லூனோவில் இருந்த வாள் கொல்லர். அவருக்குப் பிறகு அந்தப் பெயர் தரத்துக்கான முத்திரையாகவே மாறி, ஸோலிங்கன் பட்டறைகள் ஏராளமான அலகுகளில் அதை வெட்டின. ஆகவே அவர் கையால் அடித்தது என்று எழுதாதீர்கள். ஃபெராரா பெயர் தாங்கிய ஐரோப்பிய வாளலகு, பெரும்பாலும் 17-ஆம் நூற்றாண்டு, கட்டாரிக்காக வெட்டியது. பிடி தென்னாட்டு வேலை. நடு ஆணி பின்னாளில் மாற்றியது. உங்கள் குறிப்பேட்டில் இப்படி எழுதி, அளவுகளையும் துரு எடுப்பதற்கு முன் எடுத்த படங்களையும் சேர்த்து வையுங்கள். பிடியின் உள்முகத்தில் புள்ளி எழுத்து இருக்கிறதா என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, ஒரு படம் போடுங்கள்.