உதவி தேவை: ஆய்வுக் கட்டுரை நான்கு குறிப்புகளோடு திரும்பி வந்துவிட்டது

முல்லைக்கொடி

வணக்கம். வேளாண்மைப் பட்டப்படிப்பில் இறுதியாண்டு மாணவி நான். வீடு கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களுக்கு நடுவில். என் ஆய்வுக் கட்டுரையின் முதல் வரைவை மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பியிருக்கிறார். கருதுகோள், மாறி, மாதிரி என்ற சொற்களுக்கெல்லாம் வரைவிலக்கணம் எனக்கு மனப்பாடம். ஆனால் என் கட்டுரையில் எங்கே பிழை என்பதுதான் பிடிபடவில்லை.

தலைப்பு: சிறுபோக (பெரும்போகத்துக்குப் பின் வரும், நீர் குறைந்த போகம்) நெற்செய்கையில் விதைப்பு முறையும் விளைச்சலும். எங்கள் கமக்காரர் அமைப்பில் 300 உறுப்பினர்கள். 60 பேரிடம் வினாக்கொத்து நிரப்பினேன். வீசி விதைத்தவர்களைவிட நாற்று நட்டவர்களுக்கு ஏக்கருக்குக் கூடுதலான மூடைகள் கிடைத்திருக்கின்றன. பி பெறுமதி 0.03. ஆகவே, "நாற்று நடுகை விளைச்சலைக் கூட்டுகிறது என்ற கருதுகோள் நிரூபிக்கப்பட்டது" என்று எழுதினேன்.

அவர் எழுதிய குறிப்புகள் இவை: ஆய்வுப் பிரச்சினை எங்கே? மாதிரி எழுமாற்றானதா? விளைச்சல் என்று எதைச் சொல்கிறாய்? பெறுபேறும் கலந்துரையாடலும் ஏன் ஒன்றாகக் கிடக்கின்றன?

மூன்று கிழமைதான் இருக்கிறது. தயவுசெய்து உதவுங்கள்.

பாலையடி

தங்கச்சி, முதற் குறிப்பிலிருந்து தொடங்குவோம். நீங்கள் எழுதியிருப்பது தலைப்பு. ஆய்வுப் பிரச்சினை என்பது, விடை தெரியாததால் யாரோ இடர்ப்படுகிற ஒன்று. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் குளத்திலுள்ள நீரைப் பார்த்துத்தான் கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். நிலம் குறைவு, நீர் குறைவு. அந்தக் குறைந்த ஏக்கரில் எந்த முறையில் செய்தால் கூட விளையும் என்பது ஒரு கமக்காரனின் வருமானம். இதை அறிமுகத்தின் முதற் பந்தியிலேயே வையுங்கள். அதன்பின், இதைப் பற்றி மற்றவர்கள் என்ன கண்டார்கள், எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்று இலக்கிய மீளாய்வு சொல்லட்டும். அந்த விடுபட்ட இடம்தான் ஆய்வு இடைவெளி. "இன்னார் இப்படிச் சொன்னார், அன்னார் அப்படிச் சொன்னார்" என்று அடுக்கிக்கொண்டு போனால் அது மீளாய்வு ஆகாது.

இன்னொன்று: "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லை இன்றே அழித்துவிடுங்கள். இரண்டு முறைகளுக்கும் இடையில் விளைச்சல் வேறுபாடு இல்லை என்பது சூனியக் கருதுகோள். உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும், உங்களுக்குக் கிடைத்த அளவு வேறுபாடோ அதைவிடப் பெரியதோ தற்செயலாகத் தோன்றக்கூடிய வாய்ப்பு 100 இல் 3 என்பதே 0.03 இன் பொருள். வழமையான எல்லையான 0.05 மட்டத்தில் சூனியக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வேறுபாட்டுக்குக் காரணம் நாற்று நடுகைதான் என்று அந்த எண் சொல்லவில்லை.

கனகராயன்கரை

ஒரு கேள்வி. அந்த 60 பேரின் வயல்கள் வாய்க்காலில் எந்தப் பகுதியில் இருக்கின்றன?

முல்லைக்கொடி

பெரும்பாலும் எங்கள் வீதியோடு ஒட்டிய வயல்கள். நீர் முதலில் வரும் தலைப்பகுதி என்றுதான் சொல்ல வேண்டும். நீர் கடைசியாக வரும் கடைப்பகுதியில் ஏறத்தாழ 100 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 4 பேரைத்தான் சந்தித்தேன். பஸ் இல்லாத பாதை.

கனகராயன்கரை

உங்கள் ஆய்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. உங்கள் குடித்தொகை, அதாவது உங்கள் முடிவு யாரைப் பற்றியதோ அவர்கள் எல்லோரும், 300 பேர். மூன்றில் ஒரு பங்கினர் கடைப்பகுதியில் என்றால், 60 பேர் கொண்ட மாதிரியில் அவர்கள் 20 பேர் இருக்க வேண்டும். அருகில் கிடைத்தவர்களைச் சேர்த்தது வசதி மாதிரி. எழுமாற்று என்றால் உறுப்பினர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரிவாகும் வாய்ப்பு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தலை, நடு, கடை என்று பட்டியலைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதன் அளவுக்கேற்பக் குலுக்கல் முறையில் பெயர் எடுத்தால் அது படையாக்கப்பட்ட எழுமாற்று மாதிரி.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சாரா மாறி (காரணமாகக் கருதுவது) விதைப்பு முறை, சார்ந்த மாறி (விளைவாகக் கருதுவது) விளைச்சல் என்று எழுதியிருப்பீர்கள். தண்ணீர் எங்கே போனது? நாற்று நடுபவர்கள் நீர் நிச்சயமாக வரும் இடத்தில் இருந்தால், கூடுதலான நெல்லைத் தந்தது நாற்றா, நீரா? இரண்டு மாறிகளையும் ஒருசேரத் தொட்டு நிற்கும் இத்தகைய மூன்றாவதைக் குழப்பும் மாறி என்பார்கள். வன்னியில் நெல்லைப் பற்றி ஆராய்கிற ஒருவர் வாய்க்காலின் கடைப்பகுதியை மறக்கக் கூடாது. அங்கே வயல் வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

300 பேருக்கு மாதிரியில் 169 பேர் வேண்டும் என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். அது கிரெஜ்சி, மோர்கன் ஆகியோர் 1970 இல் வெளியிட்ட அட்டவணையில் உள்ள எண். விகிதாசாரம் ஒன்றை மதிப்பிடுவதற்கானது. நீங்கள் செய்வது இரண்டு சராசரிகளின் ஒப்பீடு.

வரம்புக்காரன்

பிள்ளை, நான் பல்கலைக்கழகம் போனவன் இல்லை. நாற்பது வருடமாக வயல் செய்கிறவன். மூன்றாவது குறிப்புக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மூடை என்று எதைச் சொன்னார்கள் என்று கேட்டீர்களா? எல்லோருடைய மூடையும் ஒரே நிறை இல்லை. வெட்டு இயந்திரத்திலிருந்து ஈரத்தோடு வயலிலேயே விற்பவரும் உண்டு, காயவைத்து விற்பவரும் உண்டு. காய்ந்த நெல்லுக்கு நெல் சந்தைப்படுத்தும் சபை வைக்கும் அளவு 14 வீத ஈரப்பதம். ஈர நெல்லையும் காய்ந்த நெல்லையும் ஒரே கணக்கில் போட்டால் அந்தக் கணக்கு எப்படிச் சரிவரும்?

பாலையடி

ஐயா சொன்னதைத்தான் செயற்பாட்டு வரையறை என்கிறோம். 20 வீத ஈரப்பதத்தில் 1,000 கிலோ நெல், 14 வீதத்துக்குக் காய்ந்தால் ஏறத்தாழ 930 கிலோதான். "விளைச்சல் என்பது 14 வீத ஈரப்பதத்துக்குச் சரிசெய்த நெல்லின் நிறை, ஏக்கருக்குக் கிலோவில்" என்று முறையியலில் ஒரு வசனம் எழுதுங்கள். வினாக்கொத்தோடு விற்பனைத் துண்டையும் கேட்டுப் பாருங்கள். நினைவிலிருந்து சொல்லும் எண்ணைவிட அது உறுதியானது.

நான்காவது குறிப்பு எளிது. இரண்டு குழுக்களின் சராசரியும் அட்டவணையும் சோதனை முடிவும் பெறுபேறு. அங்கே "ஏனெனில்" என்ற சொல் வந்தால் அந்த வசனத்தைத் தூக்கிக் கலந்துரையாடலுக்குக் கொண்டுபோங்கள். காரணம், முன்னைய ஆய்வுகளோடு ஒப்பீடு, மட்டுப்பாடு எல்லாம் அங்கேதான். ஆய்வுச் சுருக்கத்தைக் கடைசியாக எழுதுங்கள்.

முல்லைக்கொடி (பன்னிரண்டு நாட்களின் பின்)

எல்லோருக்கும் நன்றி. பட்டியலை மூன்றாகப் பிரித்துக் குலுக்கினேன். கடைப்பகுதியில் 20 பேரையும் சைக்கிளில் போய்ச் சந்தித்தேன். 17 பேர் விற்பனைத் துண்டு காட்டினார்கள். ஆனால் புதிய சிக்கல்: அந்த 20 பேரில் நாற்று நட்டவர் ஒரே ஒருவர். நீர் நேரத்துக்கு வராது என்பதால் நடுவதில்லை என்கிறார்கள். அங்கே இரண்டு முறைகளையும் எப்படி ஒப்பிடுவது?

கனகராயன்கரை

ஒப்பிட முடியாது. தலைப்பகுதிக்குள்ளும் நடுப்பகுதிக்குள்ளும் மட்டும் ஒப்பிடுங்கள், கடைப்பகுதிக்கு உங்கள் முடிவு பொருந்தாது என்று மட்டுப்பாட்டில் எழுதுங்கள். அந்த 19 பேர் ஏன் நடவில்லை என்பதைப் பெறுபேற்றில் தனித் தலைப்பாக வையுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தைகள் குறிப்பேட்டில் இருக்கின்றனவா?

முல்லைக்கொடி

எல்லாம் இருக்கின்றன. இன்றிரவே எழுதத் தொடங்குகிறேன்.