ஜர்னிமேன்: பயணியா, கூலியா, கையா?

மடல் 1

வணக்கம்.

நம் குழு தொகுக்கும் பேஸ்பால் சொற்பட்டியலில் ‘ஜர்னிமேன்’ என்பதற்கு நேராகப் ‘பயண வீரர்’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. ஆங்கிலத்தில் ஜர்னி என்றால் பயணம்தான். ஆனால் இந்தச் சொல்லின் வேர் பயணம் அல்ல, பிரெஞ்சில் ‘ஒரு நாள்’ என்று பொருள்படும் சொல். தொழில் பழகி முடித்துவிட்டவர், ஆனால் இன்னும் சொந்தப் பட்டறை வைக்காதவர், ஒரு ஆசாரியிடம் நாட்கூலிக்கு வேலை செய்பவர்: பழைய ஐரோப்பியக் கைவினைச் சங்கங்களில் அவருக்குத்தான் இந்தப் பெயர். நம் கட்டட வேலையில் சித்தாள், கொத்தனார், மேஸ்திரி என்று மூன்று படி உண்டல்லவா? அதில் நடுப்படி. வேலை தெரியும். மேஸ்திரி இல்லை. அவ்வளவுதான்.

விளையாட்டுக்கு வந்தபோது இதோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது, அணி அணியாக மாறிக்கொண்டே இருப்பது. நட்சத்திரமும் இல்லை, வெட்டியும் இல்லை. யாருக்காவது ஒரு ஆள் குறையும்போது இவரைக் கூப்பிடுவார்கள்.

எடுத்துக்காட்டில்லாமல் சொல் ஆக்கினால் அது பொம்மைக்குச் சட்டை தைப்பது போல. அதனால் ஒருவரை வைத்துப் பேசுவோம்: ராஜே டேவிஸ். (பெயரைப் பார்த்து நம் பக்கத்து ஆள் என்று நினைக்க வேண்டாம், அமெரிக்காவின் கனெக்டிகட்காரர்.) 2001 வீரர் தேர்வில் 38ஆவது சுற்றில் பிட்ஸ்பர்க் அணி எடுத்தது. முதல் சுற்றில் போகிறவருக்குப் பெருந்தொகை கிடைக்கும், அன்று 38ஆவது சுற்றில் போனவருக்கு ஒரு சீருடையும் பஸ் பயணமும் நிச்சயம். பெரிய லீக்கில் காலடி வைக்க 2006 ஆகிவிட்டது. 2007இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றிவிட்டார்கள். 2008 ஏப்ரலில் அவர்களும் பட்டியலிலிருந்து கழித்தார்கள், ஓக்லண்ட் கேட்டு வாங்கிக்கொண்டது. பாலத்தைத் தாண்டினால் எதிர்க்கரை, ஆனால் வேறு முதலாளி. பிறகு டொரான்டோ, டெட்ராய்ட், கிளீவ்லண்ட், மறுபடி ஓக்லண்ட், பாஸ்டன், மறுபடி கிளீவ்லண்ட், கடைசியில் 2019இல் நியூயார்க் மெட்ஸ். மொத்தம் 8 அணிகள். வெளிக்களத்தில் இடப்புறமோ நடுவிலோ நிற்பார். பிழைப்பு கால்களில். வாழ்நாளில் திருடிய தளங்கள் (பந்து அடிக்கப்படக் காத்திராமல் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது) 415.

இவரைத் தமிழில் என்னவென்று சொல்வது?


மடல் 2

ஐயா, என் வாக்கு ‘நாடோடி ஆட்டக்காரர்’ என்பதற்கு. பத்திரிகையில் படித்தால் உடனே புரியும். இல்லாவிட்டால் ‘கூலி வீரர்’. நீங்கள் சொன்ன நாட்கூலி வேரும் அதில் வந்துவிடுகிறதே.


மடல் 3

தம்பி, இரண்டிலும் எனக்குச் சங்கடம் உண்டு.

‘கூலி வீரர்’ என்று தலைப்பிட்டால் வாசகர் மனதில் முதலில் வந்து நிற்பது கூலிப்படை. கையில் அரிவாளோடு வருவார், மட்டையோடு அல்ல. ‘நாடோடி’ என்பவன் தன் விருப்பத்துக்குப் போகிறவன். டேவிஸ் போனாரா, அனுப்பப்பட்டாரா? முதல் மூன்று இடமாற்றங்களில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. ஒன்று பண்டமாற்று, ஒன்று கழிவு, ஒன்று மீண்டும் பண்டமாற்று என்று போகிறது. 2010 இறுதியில் இரண்டு பந்துவீச்சாளர்களுக்கு மாற்றாக ஓக்லண்ட் அவரை டொரான்டோவுக்குக் கொடுத்தது. பண்டமாற்றில் போன நெல்லை நாடோடி என்போமா? இதே காரணத்தால் ‘அணிமாறி’ என்பதும் வேண்டாம். ‘மாறி’ என்றாலே நமக்குக் கட்சி தாவியவர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள்.

‘பல்லணி வீரர்’ என்று இன்னொரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். பல்லாண்டு, பல்லுயிர் போலப் புணர்ச்சி சரிதான். ஆனால் உரக்கப் படித்துப் பாருங்கள், பல்செட்டு விற்கிற கடையின் பெயர்ப்பலகை போல இருக்கிறது.

நான் யோசித்தது ‘கை’ என்ற சொல்லை. சீட்டாட்டத்தில் ‘ஒரு கை குறையுது, வர்றியா?’ என்கிறோம். ‘தேர்ந்த கை’, ‘பழகிய கை’ என்று தொழிலிலும் சொல்கிறோம். கூப்பிட்டால் வந்து உட்கார்ந்து ஆடுகிறவர், ஆட்டம் தெரிந்தவர்: ஜர்னிமேனின் இரண்டு பாதியும் இந்த ஓரெழுத்துச் சொல்லில் இருக்கின்றன. ஆகவே ‘பலவணிக் கை’ என்று முன்மொழிகிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இவர் ஒப்புக்குச் சப்பாணி அல்ல. 2016 நவம்பர் 2, கிளீவ்லண்ட், பட்டத்துக்கான உலகத் தொடரின் 7ஆவது ஆட்டம். 8ஆவது இன்னிங்ஸ் (மொத்தம் 9), இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று, சிகாகோ கப்ஸ் 6–4 முன்னிலை. 1908க்குப் பிறகு அவர்கள் பட்டம் வென்றதே இல்லை, இன்னும் நாலே விக்கெட் என்று நம் பாஷையில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரே அரோல்டிஸ் சாப்மன், மணிக்கு 100 மைல் வேகத்தில் எறிகிறவர். டேவிஸ் மட்டையின் பிடியில் கையை மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார், மட்டையைக் குட்டையாக்கினால் வேகமாகச் சுழற்றலாம் என்பதற்காக. அப்படிப் பிடிக்கிறவர்கள் சுவரைத் தாண்டி அடிப்பது அபூர்வம். அவர் அடித்தார். இடதுபுறச் சுவரை ஒட்டித் தாண்டியது பந்து. தளத்தில் ஏற்கெனவே ஒருவர் நின்றதால் இரண்டு ஓட்டம். 6–6.

மழைக்கு 17 நிமிடம் நிறுத்தி, 10ஆவது இன்னிங்ஸில் கப்ஸ் 8–7 என்று வென்றார்கள். அந்த 7ஆவது ஓட்டமும் டேவிஸ் அடித்த பந்தில் வந்ததுதான். தோற்ற அணியில் இருந்ததால் கோப்பைப் படங்களில் அவர் இல்லை. அந்தப் பருவத்தில் அமெரிக்கன் லீக்கிலேயே (பெரிய லீக்கின் இரு பாதிகளில் ஒன்று) அதிகத் தளம் திருடியவரும் அவர்தான், 43. வயது 35. அடுத்த ஆண்டு கிளீவ்லண்டில் அவர் இல்லை.


மடல் 4

ஐயாவுக்கு வணக்கம். நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுவதில்லை, பொறுத்துக்கொள்ளவும்.

‘பலவணிக் கை’ அழகு. ஆனால் செய்தி எழுதும்போது ‘பலவணிக் கையான வெளிக்களத்தார்’ என்று வரும். கையில் ஏதோ நோய் போல் ஆகிவிடும். பன்மை இன்னும் மோசம்.

பல தேர்தல் கண்டவர், பல களம் கண்டவர் என்கிறோமே, அப்படி ‘பல அணி கண்டவர்’ என்றால் போதாதா? இதில் விசுவாசமில்லாதவர் என்ற குத்தலும் இல்லை, தோற்றவர் என்ற இரக்கமும் இல்லை. இன்னொரு வசதி, எண்ணை உள்ளே வைக்கலாம். டேவிஸ் எட்டணி கண்டவர். மாட் ஸ்டேர்ஸ் பன்னிரண்டணி கண்டவர்.


மடல் 5

அம்மா, நீங்கள் அதிகம் எழுதாதது எங்கள் நஷ்டம். ‘எட்டணி’ என்றதும் எனக்கு எட்டணா ஞாபகம் வந்தது, அது என் வயதுக் கோளாறு.

ஸ்டேர்ஸை நீங்கள் இழுத்ததால் ஒரு வரையறைச் சிக்கல். கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து வந்த அந்தக் குட்டையான, கனத்த உடம்புக்காரர் 1992இல் மான்ட்ரியல் எக்ஸ்போஸில் தொடங்கி 2011இல் வாஷிங்டன் நேஷனல்ஸில் முடித்தார். சட்டைகளை எண்ணினால் 13. ஆனால் எக்ஸ்போஸ்தான் 2005இல் ஊர் மாறி நேஷனல்ஸ் ஆனது. நிறுவனத்தை எண்ணினால் 12. அதாவது பத்தொன்பது வருடம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட வீட்டுக்கே வந்திருக்கிறார், வீடுதான் இடம் மாறியிருந்தது. பட்டியலில் ‘அணி என்றால் நிறுவனம், ஊரோ சட்டையோ அல்ல’ என்று ஒரு குறிப்புப் போட வேண்டும்.

இன்னொரு குறை. ‘கண்டவர்’ என்பதில் அணி மாறியது வந்துவிட்டது, நடுப்படித் தொழிலாளி வரவில்லை. பல அணி கண்ட பெரும் நட்சத்திரங்களும் உண்டே? ரிக்கி ஹெண்டர்சன் 9 அணிகளுக்கு ஆடினார். தளம் திருடுவதில் 1,406 என்ற சாதனை அவருடையது. அவரை யாரும் ஜர்னிமேன் என்று சொல்ல மாட்டார்கள்.


மடல் 6

ஹெண்டர்சனும் பல அணி கண்டவர்தான் ஐயா, அதில் பொய்யில்லை. மேஸ்திரியா கொத்தனாரா என்பதைப் பக்கத்தில் வரும் வாக்கியம் சொல்லட்டும். ஒரு சொல்லே எல்லாச் சுமையையும் தூக்க வேண்டுமா? தச்சுத் தொழிலில் வரும் ஜர்னிமேனுக்குத் தனிச் சொல் வைப்போம், இங்கே அது வேண்டாம்.

ஓட்டிப் பார்க்க ஒரு பத்தி எழுதினேன்:

“2019 மே 22. எட்டணி கண்ட ராஜே டேவிஸ், 38 வயதில், பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் சிறு லீக் ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். மெட்ஸிடமிருந்து அழைப்பு வந்தது. ஊபர் பிடித்தார். இரண்டு மணி நேரம், 243 டாலர். நியூயார்க் வந்து சேர்ந்தபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. 8ஆவது இன்னிங்ஸில் வேறொருவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க அனுப்பினார்கள். மூன்று ஓட்டம் தரும் அடியாகச் சுவருக்கு அப்பால் அனுப்பினார்.”

படிக்க இடறுகிறதா?


மடல் 7

இடறவில்லை. ‘எட்டணி’ மட்டும் மெட்ஸையும் சேர்த்துத்தான் எட்டு, அன்று காலை வரை ஏழணி. திருத்திவிடுங்கள்.

‘பயண வீரர்’ நீக்கம். ‘பல அணி கண்டவர்’ சேர்ப்பு, எண்ணோடும் ஆளலாம் என்ற குறிப்புடன். ‘கை’யை நான் விட்டுக்கொடுக்கிறேன், மனமில்லாமல்.

அடுத்தது உங்கள் பத்தியிலேயே இருக்கிறது, ‘வேறொருவருக்குப் பதிலாக மட்டை பிடிப்பவர்’. ஆங்கிலத்தில் பின்ச் ஹிட்டர். ஸ்டேர்ஸ் அந்த வேடத்தில் வந்து சுவருக்கு அப்பால் அடித்தது 23 முறை, அது சாதனை. தம்பி ‘பதிலடியாளர்’ என்று தொடங்குவதற்கு முன் மற்றவர்கள் முந்திக்கொள்ளவும்.