ஸ்மார்ட் வீட்டில் 'ஆஃப்லைன்': ரீசெட் பண்ணும் முன் ஒரு நிமிஷம்

தாம்பரம்வாசி:

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் ஹாலில் இருக்கும் வைஃபை ஸ்மார்ட் பல்பு படபடவென்று மினுக்க ஆரம்பித்துவிடும். ஆப்பைத் திறந்தால் 'ஆஃப்லைன்'. காற்றடிக்கும் இரவுகளில் கரண்ட் போய்ப் போய் வருமே, அந்த நேரத்தில்தான் இது நடக்கும். பல்பில் ரீசெட் பட்டன் கிடையாது. அதனால் சுவிட்சை வேகமாக மூன்று முறையோ ஐந்து முறையோ அணைத்துப் போட்டால் புதிதாக இணைக்கும் நிலைக்குப் போகும்படி பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன. கரண்ட் விட்டுவிட்டு வந்தால் பல்புக்கு வித்தியாசம் தெரியாது. நாம்தான் ரீசெட் செய்கிறோம் என்று எடுத்துக்கொண்டு வைஃபை பாஸ்வேர்டைக் கைவிட்டுவிடும். ஹால் லைட் லைனை இன்வெர்ட்டருக்கு மாற்றியதும் தொல்லை விட்டது. கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக டாஸ்மோட்டா என்ற இலவச மென்பொருள் ஏற்றிய பல்பாக இருந்தால், அதன் கன்சோலில் 'செட்ஆப்ஷன்65 1' என்று கொடுத்தால் போதும், இந்தப் பழக்கம் நின்றுவிடும்.

கஸ்டமர் கேரில் கேட்டால் எடுத்த எடுப்பில் "ரீசெட் பண்ணிப் பாருங்க சார்" என்பார்கள். பண்ணினால் டைமர், ரூட்டீன் எல்லாவற்றையும் மறுபடி உட்கார்ந்து போட வேண்டியிருக்கும். நான் முதலில் பார்ப்பது, கூடவே எதெல்லாம் படுத்திருக்கிறது என்று. ஒன்று மட்டும் என்றால் அந்தச் சாதனம், அல்லது அது இருக்கும் இடம். ஒரு ரூம் முழுக்க என்றால் சிக்னல். வீடு முழுக்க என்றால் ரவுட்டர், அல்லது வெளியே லைன். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு (லைனில் சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக எரிந்தால் நம் கையில் ஒன்றுமில்லை, லைன்காரருக்கு போன் போட வேண்டியதுதான். நெட் நன்றாக ஓடுகிறது, ஒரே கம்பெனியின் சாதனங்கள் மட்டும் மொத்தமாகப் படுத்துவிட்டன என்றால் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சர்வர்தான். அந்த நேரம் பார்த்து ரீசெட் செய்தவர் பாடு திண்டாட்டம். சர்வர் எழும்வரை திரும்பச் சேர்க்கவும் முடியாது.

கோவைக்காரர்:

அண்ணா சொல்வது சரிங்க. எனக்கு வேறு கதை. நெட் கனெக்‌ஷன் மாற்றினேன், புது ரவுட்டர் வந்தது, வீட்டிலிருந்த பிளக், சுவிட்ச் எல்லாம் ஒரே நாளில் அநாதை. ஒவ்வொன்றாகச் சேர்த்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். அதனால் புது ரவுட்டருக்கும் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வைத்தேன். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்துகூட மாறக்கூடாதுங்க. பாதிக்கு மேல் தானாக வந்து ஒட்டிக்கொண்டன.

மீதிக்குக் காரணம், ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பு முறை புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தது. பழைய சாதனங்களுக்கு அது புரியாது. அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-வையும் அனுமதித்ததும் அவையும் வந்தன. இன்னொன்று, விலை குறைந்த பிளக், பல்புகளில் இருக்கும் இஎஸ்பி8266 போன்ற சிப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் பேசும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில ஆப்கள் சேர்க்கும்போது குழம்பும். அந்த நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்து வையுங்கள்.

போனும் வேலையைக் காட்டும். சேர்க்கும்போது பல சாதனங்கள் சொந்தமாக ஒரு வைஃபையைக் கிளப்பும். அதில் இன்டர்நெட் இருக்காது. போன் நமக்கு நல்லது செய்வதாக நினைத்து மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், ஆப் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கும். டேட்டாவை ஆஃப் செய்து, லொகேஷனை ஆன் செய்து, விபிஎன் இருந்தால் நிறுத்திவிட்டு முயற்சி பண்ணுங்க. மாமனார் வீட்டில் எல்லாரும் பிளக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள், பாவம் அது.

தென்காசிப் பக்கம்:

எங்கள் வீட்டில் படுத்தது தண்ணீர் மோட்டார் கன்ட்ரோலர். ரவுட்டர் முன்ரூமில், மோட்டார் போர்டு பின்பக்கம் கிணற்றடிச் சுவரில். காலையில் வேலை செய்யும், மத்தியானம் ஆஃப்லைன். கன்ட்ரோலர் கெட்டுவிட்டது, மாற்றிவிடலாம் என்றார் கடைக்காரர். ஆப்பில் 'டிவைஸ் இன்ஃபர்மேஷன்' போய்ப் பார்த்தால் சிக்னல் அளவு -86. இந்த எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. -65 வாக்கில் இருந்தால் நிம்மதி, -80 தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடும்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து மெயினை இறக்கிவிட்டு மோட்டார் போர்டின் கதவைத் திறந்து வைத்தார். திரும்ப மெயினைப் போட்டுப் பார்த்தால் -73. அந்த போர்டு முழு இரும்புப் பெட்டி! ரேடியோ அலையை அடைத்துவைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. "இதுக்குப் போய் புதுசு வாங்கச் சொன்னாங்களா தங்கச்சி?" என்று சிரித்துக்கொண்டே கன்ட்ரோலரை மட்டும் வெளியே ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றிக் கொடுத்தார், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் உள்ளேயே இருக்கிறது. சுவருக்குள் புதைத்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பெட்டியில், சுவிட்சுக்குப் பின்னால் ஸ்மார்ட் ரிலே வைத்திருப்பவர்களும் இதைப் பார்க்கலாம். மொட்டைமாடித் தொட்டிக்கு என்றால் நடுவில் இரண்டு கான்கிரீட் தளம் இருக்கும், வைஃபையை நம்பவே வேண்டாம். 865 மெகாஹெர்ட்ஸில் ஓடும் லோரா என்ற வேறு வகை ரேடியோ கன்ட்ரோலர் கிடைக்கிறது, அந்த அலைக்கு எட்டும் தூரம் அதிகம்.

சேலத்திலிருந்து:

வைஃபை இல்லாமல் ஜிக்பீ (சென்சார், பல்புகள் தங்களுக்குள் பேசும் வேறொரு ரேடியோ முறை) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மினி பிசியில் ஜிக்பீ சிக்னல் வாங்கும் யுஎஸ்பி டாங்கிளைச் செருகி, பக்கத்திலேயே யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் வைத்திருந்தேன். பேக்கப் ஓடும் நேரத்தில் மட்டும் சென்சார்கள் காணாமல் போயின. யுஎஸ்பி 3 சிந்தும் இரைச்சல், வைஃபை போலவே ஜிக்பீயும் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸில் வந்து விழுகிறது, 2012-லேயே இன்டெல் இதை அறிக்கையாக எழுதியிருக்கிறது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வைத்தேன், சரியாகிவிட்டது.

தாம்பரம்வாசி:

சேலம் நண்பரே, உங்கள் ஜிக்பீ எந்தச் சேனலில் ஓடுகிறது? என் வைஃபை 6-இல்.

சேலத்திலிருந்து:

25. வைஃபை 1, 6, 11 மூன்றுக்கும் அந்தண்டை ஓரத்தில் இருக்கிறது. நீங்கள் மாற்றுவதாக இருந்தால் ஒன்று, பேட்டரி சென்சார்கள் தூங்கிக்கொண்டே இருக்கும், சேனல் மாறியது உடனே தெரியாது. கதவு சென்சார் என்றால் கதவைத் திறந்து மூடி எழுப்பிப் பாருங்கள். எழாததை மட்டும் திரும்பச் சேர்த்தால் போதும்.